ஏரிக்கரை நண்டும் தாமதமாக வந்த இஞ்சித் தேநீரும்

சென்ற ஐப்பசியில், சீனாவின் சூசோவ் நகரை அடுத்த யாங்செங் ஏரிக்கரையில் உள்ள ஓர் உணவகத்தில் நண்டு உண்டேன். கால்களில் முடி அடர்ந்த நன்னீர் நண்டுக்குப் பெயர்பெற்ற ஏரி அது. சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் பெட்டையையும் பத்தாம் மாதத்தில் ஆணையும் உண்ண வேண்டும் என்பது அங்குள்ளோர் வழக்கு.

நண்டு சூடு என்று கேட்டு வளர்ந்தவன் நான்; சளி பிடித்தால் எங்கள் வீட்டில் நண்டு ரசம் வைப்பார்கள். சீன மரபிலோ அதே நண்டு குளிர்ச்சியான பொருள். சீன மருத்துவர் லி ஷிஜென் 1578இல் எழுதி முடித்த மருந்துப்பொருள் நூலும் அவ்வாறே சொல்கிறது. பரிமாறும்போது இருக்கும் வெப்பத்துக்கும் இந்தக் குணத்துக்கும் தொடர்பில்லை என்பதால், ஆவி பறக்க வரும் நண்டும் அவர்கள் கணக்கில் குளிர்ச்சியே. அக்குளிர்ச்சியை முறிக்கும் துணைப்பொருள்களை எவ்வளவு அக்கறையுடன் தருகிறார்கள் என்பதையே நான் முதலில் கவனித்தேன்.

சமையலறையில் குறை சொல்ல இடமில்லை. சினை ஒழுகாதபடி வயிற்றுப்புறம் மேலே இருக்க, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த பெரில்லா இலைகளின்மீது நண்டை அடுக்கி அவித்திருந்தார்கள். பொடியாக நறுக்கிய இஞ்சி ஊறிய கறுப்பு வினிகரும், வெதுவெதுப்பாகச் சூடேற்றிய ஷாவ்ஷிங் அரிசி மதுவும் உடன் வந்தன. இஞ்சி, பெரில்லா, மது மூன்றும் சூட்டுப் பொருள்கள். பரிமாறிய அம்மையார் ஓட்டைத் திறந்து, செவுள்களையும் இரைப்பையையும் களைந்தபின், நடுவே ஒட்டியிருந்த அறுகோண வடிவச் சிறு வெள்ளைத் துண்டைக் குச்சி நுனியால் எடுத்துக் காட்டி, நண்டிலேயே மிகக் குளிர்ந்த பகுதி இதுதான் என்று சொல்லி ஒதுக்கினார். அது நண்டின் இதயம். ஆரஞ்சு நிறச் சினை, அவித்த முட்டை மஞ்சள் கருவைப்போல் கெட்டியாகவும் அதைவிட இனிப்பாகவும் இருந்தது.

குறை கடைசியில்தான் நேர்ந்தது. நாட்டுச் சர்க்கரை இட்ட இஞ்சித் தேநீரைச் சுடச்சுடக் குடித்து விருந்தை முடிப்பதே மரபு. ஆனால் முதலில் வந்தது ஐஸில் வைத்த பேரிக்காய்த் துண்டுகள். பேரிக்காயும் குளிர்ச்சிப் பட்டியலில் இருப்பது, நண்டின் இதயத்தைக்கூட ஒதுக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியாததன்று. இருபது நிமிடம் கழித்து வந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. கேட்டதும் மன்னிப்புக் கோரி, புதிதாகக் கொதிக்கவைத்துத் தந்தார்கள்.

நண்டுக்காக இந்த உணவகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அங்கே செல்பவர்கள், நண்டு மேசைக்கு வரும்போதே இஞ்சித் தேநீரையும் அடுப்பில் ஏற்றச் சொல்லிவிடுங்கள்.