டியூஸ் எக்ஸ்: பிசியில் ஆடுவதா, பிஎஸ்2-இல் ஆடுவதா?

டியூஸ் எக்ஸ் விளையாட்டின் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) டிஸ்க்கைப் போட்டதும் கொஞ்ச நேரம் ஏமாந்துதான் போவோம். 2000ஆம் ஆண்டு பிசியில் வந்த மூல விளையாட்டின் தொடக்கத்தில், பூமி உருண்டையைப் பிடித்திருக்கும் ஒரு ராட்சதக் கைச் சிலைக்கு முன்னால் வில்லன்களான பாப் பேஜும் வால்டன் சைமன்ஸும் நின்று சதித்திட்டம் பேசுவார்கள். வாய் மட்டும் திறந்து மூடும், முகத்தில் வேறு எதுவும் பெரிதாக அசையாது. 2002 மார்ச்சில் 'த கான்ஸ்பிரசி' என்ற துணைப்பெயரோடு வந்த பிஎஸ்2 பதிப்பில், அந்தத் தொடக்கக் காட்சியைப் புதிதாகச் செய்து வீடியோவாகவே சேர்த்திருக்கிறார்கள். அட, கன்சோல் பிசியைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டதே என்று தோன்றும். ஆட்டம் தொடங்கும் லிபர்ட்டி தீவில் நடுவழியில் லோடிங் திரை வரும்வரை அந்த நினைப்பு தாங்கும்.

விளையாடாதவர்களுக்கு ஒரு வரி. 2052ஆம் ஆண்டு. 'சாம்பல் மரணம்' என்ற கொள்ளைநோய் பரவிக்கொண்டிருக்கிறது, மருந்து பணக்காரர்களுக்கு மட்டும்தான் கிடைக்கிறது. ஐ.நா.வின் பயங்கரவாத எதிர்ப்புப் படையான யுனாட்கோவில் புதிதாகச் சேர்ந்த ஜேசி டென்டன்தான் நாம். டக்சீடோ போட்ட உளவாளி அல்ல. பிறர் மின்னஞ்சலைப் படிப்பது, காற்றுக்குழாயில் தவழ்ந்து ஒட்டுக்கேட்பது, எவனோ மேசையில் மறந்து வைத்த ரகசிய எண்ணைக் குறித்துக்கொள்வது என்று நிஜ உளவு வேலைக்கு நெருக்கமான வேலைகள்தான் இதில் அதிகம். வாரன் ஸ்பெக்டர் தலைமையில் அயன் ஸ்டார்மின் ஆஸ்டின் கிளை செய்தது. (சரியான உச்சரிப்பு 'டேயஸ் எக்ஸ்' என்பார்கள். நான் கேட்டவரை எல்லோர் வாயிலும் டியூஸ்தான்.)

இரண்டு பதிப்பிலும் கதை ஒன்றுதான். வித்தியாசம் இடத்தில் இருக்கிறது.

பிஎஸ்2-இன் முதன்மை நினைவகம் 32 எம்பி. பிசி பதிப்பு கேட்டதோ குறைந்தது 64 எம்பி. அந்தப் பிசியிலேயே நினைவகம் போதாமல் ஒரு வேடிக்கை நடந்தது: லிபர்ட்டி தீவிலிருந்து பார்த்தால் தெரியும் நியூயார்க் நகரத் தோற்றத்தில் இரட்டைக் கோபுரம் இருக்காது. நகரப் படத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக் கண்ணாடிபோல் திருப்பி ஒட்டினார்கள், கோபுரம் இருந்த பாதி வெளியே போய்விட்டது. பயங்கரவாதிகள் முன்பே தகர்த்துவிட்டதாகக் கதையில் சமாளித்துக்கொண்டார்கள். 2001 செப்டம்பருக்கு முந்தைய சமாளிப்பு அது.

பிசியிலேயே இந்த நெருக்கடி என்றால் கன்சோலில் கேட்கவே வேண்டாம். ஆடும் இடங்களின் வரைபடங்களைத் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் லோடிங் வாசல்கள் வைத்தார்கள். காத்திருப்பது எரிச்சல்தான், ஆனால் எனக்கு அது பெரிய குறையில்லை. பிசியில் லிபர்ட்டி தீவு ஒரே மூச்சில் விரியும். கடற்கரையோரமாகச் சுற்றி வரலாம், பின்பக்கம் அடுக்கிய பெட்டிகள்மேல் ஏறிச் சுதந்திர தேவி சிலைக்குள் போகலாம், முன்வாசலில் போய் நிற்கலாம். ஒரு காவலாளியைக் கிளப்பிவிட்டால் அவன் எங்கே ஓடுவான், யாரை எழுப்புவான் என்ற பயம் தீவு முழுக்க நம் கூடவே வரும். பிஎஸ்2-இல் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அந்தப் பயம் அறுந்துபோகிறது. துரத்துகிறவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுவான். ஒளிந்திருந்து ஆட வேண்டிய விளையாட்டில் இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது பை. நான் பிசி பக்கம் சாய்வதற்கு இதுதான் முதல் காரணம்.

பிசியில் ஜேசியின் பை ஐந்துக்கு ஆறு, மொத்தம் முப்பது கட்டங்கள். பொருளுக்குத் தக்கபடி கட்டம் போகும். ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே படகுத்துறையில் அண்ணன் பால் மூன்று ஆயுதங்களைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்பான்: ஏவுகணை விடும் ஜெப் கன், தூரத்தில் சுடும் ஸ்னைப்பர், மயக்க அம்பு எய்யும் சின்ன குறுக்குவில். ஜெப் கன் இயந்திர மனிதனையும் உடைக்கும், சாவி கிடைக்காத கதவையும் உடைக்கும். ஆனால் பையில் எட்டுக் கட்டங்களைத் தின்றுவிடும். அதை வைத்திருந்தால் எதையாவது கீழே போட்டே ஆக வேண்டும். மருந்துப்பெட்டியா, பூட்டுத் திறக்கும் கருவியா? இந்தக் கணக்கு ஆட்டம் முடியும்வரை ஓயாது. நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பதை உங்கள் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் நண்பன் ஒருவனின் பையில் கடைசிவரை மூன்று பாட்டில் ஒயின் இருந்தது, எதற்கு என்று அவனுக்கும் தெரியாது.

பிஎஸ்2-இல் இந்தக் கட்டங்களை எடுத்துவிட்டு, பொருளுக்கு ஓர் இடம் என்று எளிமையாக்கிவிட்டார்கள். கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு கட்டத்தில் பொருளைத் திருப்பித் திருப்பி அடுக்குவது கொடுமை என்று நினைத்திருப்பார்கள், நியாயம்தான். ஆனால் ஏவுகணைத் துப்பாக்கிக்கும் பூட்டுக்கருவிக்கும் ஒரே இடம் என்றால் பாலின் கேள்விக்கு என்ன கனம் இருக்கிறது? அண்ணன் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

சுடுவது எப்படி? இங்கே பிஎஸ்2 தோற்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். தோற்கவில்லை. டியூஸ் எக்ஸில் திறமைப் புள்ளிகள் குறைவாக இருக்கும்வரை குறி அகலமாக விரிந்து கிடக்கும். அசையாமல் நின்றால்தான் மெல்லச் சுருங்கும். மவுஸ் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஜேசியின் கை அந்த வேகத்துக்கு வராது. அதனால் கன்ட்ரோலர் குச்சியின் மந்தம் இங்கே அவ்வளவாக உறைப்பதில்லை. வேண்டுமானால் தானியங்கிக் குறியும் இருக்கிறது. அதே காலத்தில் பிசியிலிருந்து கன்சோலுக்கு வந்து கையை உடைத்துக்கொண்ட வேகமான துப்பாக்கி விளையாட்டுகளோடு ஒப்பிட்டால், இது பிழைத்துக்கொண்டது.

படிப்பதில்தான் சிக்கல். இதில் படிக்க நிறைய இருக்கிறது: செய்தித்தாள், மின்னஞ்சல், தரையில் கிடக்கும் டேட்டாக்யூப் என்ற மின்னணுக் குறிப்பு. பழைய டியூப் டிவியில் சோபாவிலிருந்து அதைப் படித்தால் கண் பூத்துவிடும். பிசியில் மேசை விளக்கடியில் வாசிக்கிற சுகமே வேறு. உடம்பின் சிறப்புச் சக்திகளுக்கும் பிசியில் ஆளுக்கொரு விசை இருக்கிறது, தட்டினால் போதும்.

பிசிக்கும் தலைவலி உண்டு, மறைக்கவில்லை. இன்றைய கணினியில் அப்படியே நிறுவி ஓடவிட்டால் அகலத்திரைக்கு ஒழுங்காக ஒத்துவராது. கென்டி என்ற பெயரில் ஒரு ரசிகர் செய்த லாஞ்சரை (விளையாட்டைத் தொடக்கிவிடும் நிரலை) போட்டால் திரை அளவும் பார்வைக் கோணமும் சரியாகும். பத்து நிமிட வேலை. அப்புறம் ஜிஎம்டிஎக்ஸ், 2015இல் வந்த ரிவிஷன் என்று ரசிகர்களின் மாற்றங்கள் இருக்கின்றன. முதல் தடவை ஆடுகிறவர் ரிவிஷன் பக்கம் போக வேண்டாம் என்பேன். அது வரைபடங்களையே மாற்றிவிடுகிறது, அசல் எப்படி இருந்தது என்று தெரியாமலே போய்விடும். பிசி பதிப்பு ஸ்டீம், ஜிஓஜி என்ற இணையக் கடைகளில் கிடைக்கிறது. பிஎஸ்2-இலேயே ஆட வேண்டும் என்றால் பழைய டிஸ்க்கைத்தான் தேட வேண்டும்.

எக்ஸ்பாக்ஸை மனதில் வைத்தே செய்து 2003 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகமான இன்விசிபிள் வாரை ஆடியவர்களுக்கு, பிஎஸ்2 பதிப்பு ஒரு முன்னோட்டம் போலத் தெரியும். இன்விசிபிள் வாரிலும் சின்னச் சின்ன அறைகள், அடிக்கடி லோடிங், போதாததற்கு எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா. பிஎஸ்2-இல் வேறு வழியில்லாமல் செய்ததை அதில் கொள்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு பிஎஸ்2 பதிப்பு எவ்வளவோ மேல்.

என்னிடம் கேட்டால் பிசிதான், யோசிக்கவே மாட்டேன். ஆனால் வீட்டில் பிஎஸ்2-உம் டிஸ்க்கும் தூசி படிந்து கிடக்கிறது, பிசி இல்லை என்றால், தள்ளிப்போட வேண்டாம், தாராளமாக ஆடுங்கள். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும். பிசியில் என்றால் பால் கேட்கும்போது குறுக்குவில்லைச் சொல்லுங்கள். பிஎஸ்2 என்றால் ஜெப் கன்னையே வாங்கிக்கொள்ளுங்கள், பையில் அதற்குத் தனியாக வாடகை இல்லை.