ஃபோர்வீல் ஜீப் என்று கொடுத்தார்கள்: வத்தல்மலை போகிறவர்கள் கவனிக்கவும்

தர்மபுரியில் மலைக்குப் போக ஜீப் வாடகைக்கு எடுப்பவர்கள், சாவியை வாங்கும் முன் வண்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் வத்தல்மலையில் நண்பன் வீட்டுக் காதுகுத்து. கொண்டை ஊசி வளைவு இருபதுக்கு மேல் என்றாலும், தார் ரோடு இருக்கும்வரை கவலையில்லை. அவன் வீட்டுக்கு அதற்கப்புறம் மண்பாதை. மழை பெய்தால் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும். அரிசி மூட்டை, அண்டா எல்லாம் ஏற்ற வேண்டும். நாலு சக்கரத்தையும் இன்ஜின் சுற்றுகிற ஃபோர்வீல் வண்டிதான் சரி. டவுனில் ஒருவர், "ஃபோர்வீல் சார், சுவர்லயும் ஏறும்" என்றார். நாள் வாடகை 4,000, அட்வான்ஸ் 3,000 கொடுத்து எடுத்தேன்.

பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. வண்டியின் பின்பக்கம் மெல்ல இடப்புறம் நகர்ந்தது. அந்தப் பக்கம் தடுப்பு கிடையாது. சில்வர் ஓக் மரங்களின் உச்சி எனக்குக் கீழே தெரிந்தது. ஃபோர்வீல் லீவர் போட்டுத்தான் இருந்தேன், முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் ஹப் லாக்கும் போட்டிருந்தது. முன்னால் நடந்துபோன நண்பன் கத்தினான்: "டேய், முன் வீல் சுத்தவே இல்லடா!"

ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்ச் பக்கமே கால் போகாமல், இன்ஜின் பிடிப்பிலேயே இறக்கினேன். நியூட்ரலில் விட்டிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

சமதளத்தில் நிறுத்திச் சேற்றில் படுத்துப் பார்த்தால், இன்ஜின் இழுப்பை முன் ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்டே இல்லை! கழற்றிய இடத்தில் பால் கவரைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். லீவர் மட்டும் ஜோராக விழுகிறது. மூட்டைகள் தலைச்சுமையாகத்தான் மேலே போயின.

படுத்துப் பார்க்கச் சங்கடமாக இருந்தால் முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குங்கள். பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, இன்ஜினை அணைத்து, ஹப் லாக், கியர், ஃபோர்வீல் மூன்றையும் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் இணைப்பு இல்லை.

இன்னொன்று, அது வெள்ளை போர்டு வண்டி. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவதே சட்டப்படி தப்பு. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸில் கை விரித்துவிடலாம். நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். கண்ணெதிரே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

திருப்பி விட்டபோது கேட்டேன். "டீசல் குடிக்குதுன்னு கழட்டி வச்சது சார், நீங்க கேக்கலையே" என்றார். அட்வான்ஸில் 1,200 பிடித்துக்கொண்டார். சேறு கழுவும் கூலியாம்.