கறுப்பு ஏலக்காயா, விடுதியா?

கிழக்கு நேபாளத்தின் தாப்லேஜுங்கில், கஞ்சன்ஜங்கா மலையேற்றப் பாதையோரம் நிலம் வைத்திருப்பவர் பணத்தை எதில் போடலாம்?

முதலீடு: ஏலக்காய்க்குக் கன்று, நிழல் மரம், உலர்த்தும் அடுப்பு. விடுதிக்குக் கட்டடமே வேண்டும்.

வருமானம்: ஏலம் மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். விடுதிக்கு உடனே வரும். ஆனால் கூட்டம் வசந்தத்திலும் அக்டோபர், நவம்பரிலும்தான்.

ஆபத்து: ஏலத்துக்கு சிர்க்கே, ஃபுர்க்கே என்ற வைரஸ் நோய்கள், விலையும் இந்தியச் சந்தையின் கையில். சுற்றுலாவோ ஒரே அடியில் படுத்துவிடும். 2019இல் நேபாளம் வந்தோர் சுமார் 12 லட்சம், 2020இல் 2.3 லட்சம். ஏலக்காயையாவது விலை ஏறும்வரை மூட்டையில் வைக்கலாம். காலி அறையை என்ன செய்வது?

கடன் வாங்கித்தான் தொடங்க வேண்டுமென்றால் ஏலக்காய். வீட்டில் ஆளும் இரண்டு அறையும் சும்மா இருந்தால் விடுதி. சரி, இரண்டும்? முடியும், ஆனால் இலையுதிர்காலத்தில் அறுவடையும் விருந்தினரும் சேர்ந்தே வருவார்கள். கூலி ஆளை முன்பே பேசிவையுங்கள்.