நெக்ஸானும் அந்த 5 ஸ்டாரும்: வாங்கும் முன் பார்க்க வேண்டியது, ஓட்டிய பின் தெரிந்தது

என்னிடம் இருப்பது 2020-இல் எடுத்த பிஎஸ்6 பெட்ரோல் டாடா நெக்ஸான், ஒரு சின்ன எஸ்யூவி. முக்கால்வாசி ஓட்டம் மதுரை–திருநெல்வேலி நாலு வழிச் சாலையில். புதிதாக வண்டி எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் மைலேஜைவிட அதிகமாகக் கேட்பது, "மோதல் பாதுகாப்பில் அது 5 ஸ்டார் வண்டிதானே?" என்றுதான். ஆமாம். ஆனால் எந்த வருஷத்து 5 ஸ்டார் என்று திருப்பிக் கேட்டால் ஆள் முழிப்பார்.

நெக்ஸானையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்களை மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2018 ஆகஸ்டில் இதற்குக் கொடுத்தது 4 ஸ்டார். முன் சீட்டுகளுக்கு பெல்ட் ரிமைண்டர் சேர்த்து, பக்கவாட்டு மோதல் சோதனையிலும் தேறிய பிறகு, அதே வருஷம் டிசம்பரில் 17-க்கு 16.06 வாங்கி 5 ஸ்டார் ஆனது. இந்தியாவில் தயாராகி இங்கேயே விற்கும் கார்களில் முதல் 5 ஸ்டார். அந்தக் கொண்டாட்டத்தில் யாரும் பேசாதது, குழந்தைகள் பாதுகாப்பில் அதற்குக் கிடைத்தது 49-க்கு 25, அதாவது 3 ஸ்டார்தான். வண்டி சறுக்கும்போது தானாக பிரேக் பிடித்து நேராக்கும் இஎஸ்பியும் அப்போது கிடையாது. 2020 ஜனவரி மாடலில்தான் எல்லா வேரியன்டுக்கும் வந்தது. 2022 ஜூலையில் குளோபல் என்கேப் விதிகளை இறுக்கியது. கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனை, இஎஸ்பி, பாதசாரி பாதுகாப்பு எல்லாம் சேர்ந்தன. அதன்பின் 2024 பிப்ரவரியில் புது நெக்ஸான் பெரியவர்களுக்கு 34-க்கு 32.22, குழந்தைகளுக்கு 49-க்கு 44.52 வாங்கியது. 2018-இல் வாங்கியதும் 5 ஸ்டார்தான், இதுவும் 5 ஸ்டார்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2018 தொடக்கத்தில் தயாரான செகண்ட் ஹேண்ட் வண்டியைக் காட்டி புரோக்கர் "5 ஸ்டார் சார்" என்றால், தயாரான மாதத்தைக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டைத் திறந்தால் நான் முதலில் தேடுவது ஸ்டாரை அல்ல, ஆட்கள் உட்காரும் கூடான பாடி ஷெல் பற்றிய ஒற்றை வரியை. மோதலுக்குப் பிறகும் கூடு நிலையாக நின்றதா, இல்லையா? ஏர்பேக்கை அடுத்த வருஷ மாடலில் கம்பெனி கூட்டிவிடலாம், கூட்டை மாற்ற வண்டியையே மாற்ற வேண்டும். 2020-இல் சோதித்த கியா செல்டோஸ் 3 ஸ்டார் வாங்கியபோது, கூடும் கால் வைக்கும் இடமும் நிலையற்றவை என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படிக்காமல் "மூணு ஸ்டார், பரவாயில்லை" என்று போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பக்க மோதல் சோதனை 64 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. முகப்பின் 40 சதவீதம் மட்டும் நசுங்கும் தடுப்பில் இடிக்கும். கிட்டத்தட்ட அதே எடையுள்ள வண்டி எதிரே வந்து மோதுவதற்குச் சமம். கோவில்பட்டி தாண்டி ராத்திரி பின்விளக்கு எரியாமல் ஓரமாக நிற்கும் லாரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. லாரியின் பின்புறம் நம் பானட்டுக்கு மேலே இருக்கும், அடி நேராகக் கண்ணாடியில்தான். 4 மீட்டருக்குள் வண்டியை முடித்தால்தான் வரிச் சலுகை என்பதால் நம் எஸ்யூவிகளின் பானட் குட்டை வேறு. ஸ்டார் இருக்கிறதே என்று நான் 100-ஐத் தாண்டுவதில்லை.

ஓட்டியதில் தெரிந்ததற்கு வருகிறேன். இஎஸ்பி விலைக்குத் தகுந்த சரக்கு. முதல் மழையில் ரோடு வழுவழுப்பாகும்போது, குறுக்கே நாய் வந்து ஸ்டியரிங்கை ஒடித்தால், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னும், பின்பக்கம் லேசாக இழுத்துப் பிடித்ததுபோல் நேராகிவிடும். நாம் ஒன்றுமே செய்திருக்க மாட்டோம்.

பின் சீட்டில்தான் தினசரிச் சண்டை. வெளியே தைத்துப் போட்ட சீட் கவர், பெல்ட் மாட்டும் பக்கிளை முழுசாக விழுங்கிவிட்டது. கையை விட்டு நோண்டி எடுப்பதற்குள் அம்மா "விடுடா, பின்னாடிதானே" என்று சொல்லிவிடுவார். கவரைக் கிழித்துத் துளை பெரிதாக்கிய பிறகுதான் எல்லாரும் பெல்ட் போடத் தொடங்கினார்கள். சீட்டிலேயே பக்க ஏர்பேக் உள்ள புது வண்டிகளில் இந்தக் கவர் இன்னும் ஆபத்து, பை வெளியே வர வழியிருக்காது. அப்புறம் அந்த பெல்ட் கிளிப். சத்தத்தை நிறுத்த பக்கிளில் சொருகும் தகரத் துண்டு. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே அதை ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது, இன்னமும் பெட்டிக்கடை மாதிரி ஆக்சஸரி கடைகளில் தொங்குகிறது. நான் போன ஒரு கடையில் முன்பக்க பம்பர் கார்டையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொன்ன சமாச்சாரம் அது.

இன்று வாங்குவதாக இருந்தால், நம் நாட்டின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் பட்டியலில் தொடங்குவேன். 2023 அக்டோபரில் அமலுக்கு வந்தது, கம்பெனிகள் தாமாக முன்வந்து கொடுத்தால்தான் சோதனை. அதில் ஸ்கோடா கைலாக் 32-க்கு 30.88, நெக்ஸான் 29.41, மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ 29.36. மூன்றும் 5 ஸ்டார். இந்த ஒன்றரை மார்க் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டேன். 6 ஏர்பேக்கும் இஎஸ்பியும் மூன்றிலும் பேஸ் மாடலிலேயே வருகின்றன. சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசில் நல்ல குழந்தை சீட் ஒன்று வாங்கிவிடலாம்.

அந்த சீட்டை டெஸ்ட் டிரைவுக்கே எடுத்துப் போங்கள். சாய்மானத்துக்கும் அமரும் மெத்தைக்கும் நடுவே விரலை விட்டால், குழந்தை சீட்டை வண்டியோடு பூட்டும் ஐஸோஃபிக்ஸ் கொக்கிகள் தட்டுப்படும். இரண்டு பக்கமும் 'டக்' என்று மாட்டிய பிறகு முன் சீட்டை உங்கள் உயரத்துக்குத் தள்ளிப் பாருங்கள். பின்னோக்கிப் பார்க்கும் சீட்டாக இருந்தால், 4 மீட்டர் வண்டியில் முன்னால் உட்காருபவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறதா என்பது ஷோரூமிலேயே தெரிந்துவிடும்.