பதவி உயர்வா, பயிற்சியா, படிப்பு விடுப்பா: ஆசிரியரை எது பிடித்து வைக்கிறது?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஓர் உதவிப் பேராசிரியரின் வளர்ச்சிக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். மூன்றுமே ஆளைத் தக்கவைக்கும். ஆனால் எப்படி? பிடித்துப்போய் இருப்பது, விட்டுப் போனால் நஷ்டம் என்று இருப்பது, கடமைப்பட்டு இருப்பது என்று மேயர், ஆலன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1991-இல் பிரித்துக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் பார்க்கலாம்.

சி.ஏ.எஸ். (Career Advancement Scheme) என்ற திட்டத்தின் வழியான பதவி உயர்வு காகிதத்தில் அருமையானது. காலியிடத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளின்படி, முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டுகளில் ஊதிய நிலை (லெவல்) 10-லிருந்து 11-க்குப் போகலாம். தொடக்க ஊதியம் 57,700-லிருந்து 68,900 ரூபாயாகும். சிக்கல் கோப்பில் இருக்கிறது. சான்றிதழ் நகல், துறைத் தலைவர் கையெழுத்து, மதிப்பெண் படிவம் எல்லாம் சேர்ந்து கட்டாகப் போகும். ஒரு தாள் குறைந்தால் கட்டு அப்படியே திரும்பி வரும். அப்புறம் குழு கூடவேண்டும். தகுதி பெற்ற தேதியிலிருந்து அரியர்ஸ் கிடைக்கலாம். ஆனால் காத்திருந்த ஆண்டுகளின் கசப்பு அந்தப் பணத்தில் தீராது. அதன்பிறகு அவர் இருப்பது, போனால் நஷ்டம் என்பதற்காக மட்டுமே.

பயிற்சி வகுப்புகளுக்கு 21 நாள் ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் என்று போவது பலருக்கும் சி.ஏ.எஸ். சான்றிதழுக்காகத்தான். வேறு ஊர் ஆசிரியர்களோடு பழக்கம் ஏற்படுவது நல்ல லாபம். சொந்த நிறுவனத்தின் மீது பற்று வர இது போதாது.

என் ஓட்டு படிப்பு விடுப்புக்கு. 3 ஆண்டு பணிக்குப் பின் கேட்கலாம். 2 ஆண்டு, தேவைப்பட்டால் இன்னும் ஓர் ஆண்டு. திரும்பியபின் 3 ஆண்டு பணியாற்றப் பத்திரம் எழுதித் தரவேண்டும். பத்திரம் ஆளைத்தான் கட்டும். "நீங்க போங்க, உங்க வகுப்பை நாங்க பார்த்துக்கறோம்" என்று சக ஆசிரியர்கள் பாடவேளையைப் பங்கிட்டுக்கொண்டால், அந்த நன்றி பத்திரத்தைத் தாண்டியும் நிற்கும். திரும்பி வந்தவருக்கு அவர் கற்றதைச் சொல்லித்தர ஒரு பாடமாவது ஒதுக்கவேண்டும். பழைய கால அட்டவணையையே நீட்டினால், பத்திரக் காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்.

சி.ஏ.எஸ். அலுவலகப் பணியாளர்களுக்கு இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அவர்களுக்கான எம்.ஏ.சி.பி. என்ற ஊதிய உயர்வுத் திட்டம் 10, 20, 30 ஆண்டுகளில் ஊதியத்தை உயர்த்துகிறது. பதவி அப்படியே இருக்கும். ஆசிரியர்களின் சி.ஏ.எஸ். கோப்பை நகர்த்துபவர்களும் இவர்கள்தான்.