தொடைத் திண்டு: ஆறு வாரம் உட்கார்ந்து பார்த்த பின்

வயிற்றிலிருந்தும் இடுப்பின் பக்கங்களிலிருந்தும் உறிஞ்சி எடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் செலுத்தும் அழகுச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்களுக்கென்றே விற்கப்படும் நுரைத் திண்டு ஒன்றை, சிகிச்சைக்குப் பிந்தைய மூன்றாம் வாரத் தொடக்கம் முதல் எட்டாம் வார முடிவு வரை பயன்படுத்தினேன். முதல் இரண்டு வாரங்களில் கழிப்பறைக்குச் செல்வதைத் தவிர வேறு எதற்காகவும் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அதுவரை அது உறை பிரிக்கப்படாமலே கிடந்தது. உட்காரத் தடை விதிக்கும் காலம் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடுகிறது. என்னுடைய கணக்கை யாரும் தமக்குரியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடம் மாற்றப்பட்ட கொழுப்புக்கு முதல் சில நாட்களில் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறி வருவதைக் கொண்டே அது உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்து நிலைபெறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் உடலின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்திண்டு. இதைப் பிட்டத்துக்கு அடியில் வைப்பதில்லை. தொடையின் பின்பகுதிக்கு அடியில் வைக்க வேண்டும். எடையைத் தொடைகள் தாங்க, பிட்டம் திண்டின் பின்விளிம்பைத் தாண்டி, நாற்காலிப் பலகையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் திண்டு மூலநோய்க்கு உதவலாம், இதற்கு உதவாது. அதன் வளையம் அழுத்துவது நாம் காப்பாற்ற நினைக்கும் அதே சதையைத்தான்.

வாங்கிய திண்டின் சிறப்பு அதன் கெட்டித்தன்மை. முதல் நாள் நான் அமர்ந்திருந்தபோது, என் தங்கை பின்னாலிருந்து கையை நுழைத்துப் பார்த்தாள். பலகைக்கும் உடலுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. கடையில் கையால் அமுக்கிப் பார்ப்பதால் இது தெரியவே தெரியாது. உட்கார்ந்து சில நிமிடங்கள் கழித்து, நுரை அமுங்கியது போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. ஐந்தாம் வாரத்தில் அந்த நான்கு விரல் இரண்டாகக் குறைந்திருந்தது. நுரையின் நடுப்பகுதி தளர்ந்துவிட்டதால், எட்டாம் வாரம் வரை ஓட்டுவதற்கு அடியில் ஒரு மடித்த கம்பளியைச் செருக வேண்டியதாயிற்று. ஆறு வாரத் தேவைக்காகவே செய்யப்பட்ட பொருள் மூன்றே வாரத்தில் இளைத்துப்போவதைச் சிறிய குறை என்று நான் ஒதுக்க மாட்டேன்.

இன்னொரு குறை முன்விளிம்பில் இருக்கிறது. அது வளைவாகச் சீவப்படாமல் செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதால், முழங்காலின் பின்மடிப்பில் குத்தி, பத்தே நிமிடத்தில் பாதம் மரத்துப்போயிற்று. திண்டு உடலை உயர்த்திவிடுவதால் கால்கள் தரையை எட்டாமல் தொங்கியதும் அந்த அழுத்தத்தைக் கூட்டியது. பாதங்களுக்கு அடியில் ஒரு சிறு முக்காலியைப் போட்டதும் பாதித் தொல்லை தீர்ந்தது. அதைத் திண்டோடு கொடுத்த தாளில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். தொடையிலிருந்தும் கொழுப்பு எடுக்கப்பட்டவர்கள் இதை வாங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும், ஏனெனில் எடை முழுவதும் கன்றிப்போன அந்த இடத்தின் மீதே இறங்கும்.

நாற்காலியின் தேர்வும் திண்டுக்கு நிகராக முக்கியம் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சோபாவில் வைத்தால் திண்டே உள்ளே புதைந்துவிடுகிறது, பின்னால் சாயும் மெத்தையோ பிட்டத்தை வந்து தொட்டுவிடுகிறது. கெட்டியான மர நாற்காலியில், இடுப்புக்குப் பின்னால் தனியாக ஒரு தலையணை கொடுத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால்தான் இது தன் வேலையைச் செய்கிறது. காரின் இருக்கை பின்னோக்கிச் சரிந்திருப்பதால் திண்டு நிலையாக நிற்பதில்லை. ஓட்டுநர் பிரேக்கை மிதித்த ஒவ்வொரு முறையும் நான் அதிலிருந்து நழுவினேன். கழிப்பறையில் இதற்கு வேலையே இல்லை. அங்கே முன்னால் குனிந்து சீக்கிரம் எழுந்துவிடுவதே வழி. வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் தண்ணீரைத் தாராளமாகக் குடித்ததுதான் அங்கே எனக்குக் கைகொடுத்தது.

என் பெரிய மனக்குறை அந்தத் தாளைப் பற்றியது. முதல் நாளிலிருந்தே, நாள் முழுவதும் நிம்மதியாக அமரலாம் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். திண்டின்மேல் உட்கார்ந்தாலும் அது உட்காருவதுதான். அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுநேரம் அசையாமல் இருந்தால் காலின் உட்சிரைகளில் இரத்தம் உறைந்துபோகும் அபாயம் உண்டு. திண்டு அதைத் தடுக்காது, வசதியாக இருப்பதாலேயே எழுந்திருப்பதை மறக்கச் செய்யவும் கூடும். அரை மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து நடந்தேன், மற்ற நேரங்களில் குப்புறவோ ஒருக்களித்தோ படுத்திருந்தேன். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினாலோ, மார்பு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும் என்ற எச்சரிக்கைதான் அந்தத் தாளின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

மேலுறை செயற்கைத் தோல் போன்ற துணியால் ஆனது. துடைக்க எளிது, ஆனால் வியர்க்கிறது. சிகிச்சைக்குப் பின் வீக்கத்தைக் குறைக்க அணியும் இறுக்க உடைக்கு மேலே அந்தப் புழுக்கமும் சேர்ந்தால் பொறுக்க முடியாது, பருத்தித் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டேன்.

கொழுப்பு எவ்வளவு தங்கியது என்பதை வைத்து நான் மதிப்பெண் போடவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் செலுத்தியதில் ஒரு பகுதியை உடல் கரைத்துக்கொள்வது இயல்பு. மிஞ்சியதில் திண்டின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நாற்காலியில் அமர்ந்து கணினியில் அரை அரை மணியாக வேலை பார்க்க முடிந்தது, அதற்காக ஐந்துக்கு மூன்று. முன்விளிம்பை வளைத்து, நுரையை இன்னும் கெட்டியாக்கினால் நான்கு கொடுப்பேன். அந்தத் தாளை மாற்றாதவரை ஐந்து கிடையாது.