புல்தரையைப் பாத்தியாக்க: கொத்துவதா, மூடுவதா, வேகவைப்பதா?

வீட்டு முன்னால் உள்ள புல்லை எடுத்துவிட்டுக் கத்தரி, வெண்டை போடலாம் என்று நினைத்தால், முதலில் குனிந்து அது என்ன புல் என்று பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் வழி.

காசு கொடுத்துப் பதித்த கொரியன் புல் என்றால் கொத்துவதே போதும். மண்வெட்டியால் இரண்டு அங்குலம் சீவினால் பெரும்பாலும் பாய்போலக் கையோடு வந்துவிடும். அருகம்புல்லிடம் இது பலிக்காது. நான் ஒருமுறை அதை வெட்டிப் புரட்டினேன். துண்டான ஒவ்வொரு கணுவும் வேர்விட்டு, பத்தே நாளில் முன்னைவிட அடர்த்தியாக நின்றது. மனசு விட்டுப்போயிற்று.

அட்டைப்பெட்டியால் மூடும் முறையைப் பலரும் மெச்சுகிறார்கள். நனைத்த அட்டையை அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு அடுக்காகப் பரப்பி, மேலே மக்கிய எரு, சவுக்குச் சருகு அல்லது கரும்புச் சோகை போட வேண்டும். உழைப்பு குறைவு, மண்புழுவும் பெருகும். ஆனால் புதுச்சேரியில் கோரிமேடு, இலாசுப்பேட்டை பக்கத்துச் செம்மண்ணில் கரையான் அட்டையைத் தின்று ஓட்டை போட்டுவிடும், அந்த வழியாக அருகு எட்டிப் பார்க்கும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கும் இடமென்றால் எல்லாம் மிதக்கும்.

எனவே அருகுக்கு என் ஓட்டு வெயிலுக்குத்தான். புல்லை ஒட்ட வெட்டி, நன்றாக நீர் பாய்ச்சி, நிறமில்லாத பாலித்தீன் தாளை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். கறுப்புத் தாள்தான் அதிகம் சுடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலை உள்ளே விடும் தெளிவான தாளின் அடியில்தான் மண் கூடுதலாகச் சூடேறும். ஏப்ரல் கடைசியில் போர்த்தினால் அக்னி நட்சத்திரம் முழுக்க உள்ளே வேகும். ஆறு வாரம் விடுங்கள். ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி தயார். அப்புறம் ஆழக் கிளறாதீர்கள், அடியில் பிழைத்த விதைகள் மேலே வந்துவிடும்.

கோரைதான் மோசம். கிழங்கு ஆழத்தில் இருப்பதால் வெயிலிலும் முழுதாகச் சாகாது. மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தால் கிழங்கோடு எடுப்பது, துளிர்த்தால் மறுபடி எடுப்பது, அவ்வளவுதான். கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மணல் பக்கத்தில் இது கொஞ்சம் சுலபம்.

களைக்கொல்லியை, தின்னும் செடி வைக்கும் இடத்தில் நான் அடிக்க மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் பாத்தியைச் சுற்றி அரையடி ஆழத்துக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் புல்தரையிலிருந்து அருகு ஊர்ந்து வருவது அங்கேயே கண்ணில் படும், கிள்ளிவிடலாம்.